முன் சக்கரத்துச் சுமை



இல்லங்களில் அன்றாடம் புழங்கும் பொருள்களைப் பற்றியும், அவற்றைப் பழுதின்றிப் பேணும் முறைகளைப் பற்றியும் இப்பகுதியில் நாம் எழுதி வருகிறோம். இம்மாதம் தையல் இயந்திரத்தைப் பற்றி எழுத எண்ணியிருந்தோம். கோவளத்திலிருந்து வந்த ஒரு கடிதம் அந்த எண்ணத்தை ஒத்திவைக்கச் செய்துவிட்டது.

கடிதத்தை எழுதியவள் ஆறாம் வகுப்பில் பயிலும் சிறுமி. எழுதச் சொன்னவர் அவளுடைய தாய். "நாங்கள் மீன் விற்றுப் பிழைக்கிறவர்கள். காலையில் என் மகன் மீன் பெட்டியைச் சைக்கிளில் வைத்து வீடு வீடாகக் கொடுத்துவிட்டுப் பாலிடெக்னிக்குக்குப் போகிறான். போகிற வழியில் தங்கையையும் பின்னால் ஏற்றிப் பள்ளிக்கூடத்தில் விடுகிறான். அதனால் பெட்டி வைக்க முன்பக்கம் கேரியர் போட்டிருக்கிறான். சைக்கிளில் பிரேக் புது மாதிரி. நான்கைந்து நாளாக முன்பக்கம் ஏதோ சத்தம் வருகிறது. ஒன்றுமில்லை என்கிறான். சின்னவள் பின்னால் உட்கார்ந்து போகிறாளே என்று எனக்குப் பயமாக இருக்கிறது. நீங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும்" என்பது அக்கடிதத்தின் சாரம்.

இதற்குத் தபாலில் விடை எழுதுவது முறையன்று என்று தோன்றியது. அடுத்த சனிக்கிழமை காலை, மாமல்லபுரத்தில் இருந்த ஒரு சிறு வேலையை முடித்துக்கொண்டு, கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே வடக்கு நோக்கிக் கோவளம் சென்றோம். அந்தச் சாலையில் விடுமுறை நாள்களின் விடியற்காலையில் சென்னையிலிருந்து வரும் சைக்கிள் ஓட்டிகள் சாரை சாரையாகச் செல்வதைப் பலர் கண்டிருப்பீர்கள். அவர்களுடைய சைக்கிள்களிலும் டிஸ்க் பிரேக் உண்டு; ஆனால் தண்ணீர்ப் புட்டிக்கு மேல் அவை வேறு சுமை சுமப்பதில்லை. அதே சாலையின் ஓரத்தில் அதே வகைச் சைக்கிள் பழையதாகக் கைமாறி, மீன் பெட்டியையும் ஒரு குழந்தையையும் சுமந்துகொண்டு போகும்போது, அதன் கதையே வேறாகிவிடுகிறது.

கார்மேல் அன்னை ஆலயத்துக்கு அப்பால் இருந்தது அந்த வீடு. மகன் சைக்கிளை வெளியே கொண்டுவந்து நிறுத்தினான். இரும்புப் போர்க், முன்னும் பின்னும் டிஸ்க் பிரேக், முன் சக்கரத்தின் மேல் ஒரு கேரியர், அதன்மேல் கயிற்றால் இறுகக் கட்டிய மீன் பெட்டி. குனிந்து பார்த்தவுடன் இரண்டு தவறுகள் நம் கண்ணில் பட்டன. அவற்றைச் சொல்லுமுன் பழைய சைக்கிளைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டும். தவறு பிறந்த இடம் அதுதான்.

நம்முள் முதியோர் பலரும் ஓட்டிப் பழகியவை, அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் செய்த ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ., பிலிப்ஸ் சைக்கிள்கள். 1949ஆம் ஆண்டு முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனமும் சேர்ந்து தொடங்கியது அது. அந்தச் சைக்கிள்களில் பிரேக் கட்டைகள் ரிம்மைப் பிடித்து வண்டியை நிறுத்தும். சக்கரத்தின் நடுப்பகுதியில், அச்சுக்கு அருகில், பிரேக்குக்கு ஒரு வேலையும் இல்லை. ஆகவே மட்கார்டுக் கம்பியோ, பெண்கள் ஓட்டும் சைக்கிளின் முன்கூடையைத் தாங்கும் கம்பியோ எதுவாயினும், அச்சின் நட்டைக் கழற்றி, அதன் அடியில் கம்பியின் காதைச் செருகி, மறுபடி நட்டை முடுக்கிவிடுவார்கள். எத்தனையோ ஆண்டுகளாக நம் ஊர்ச் சைக்கிள் கடைகளில் வழங்கும் முறை இது. பழைய சைக்கிளுக்கு இது சரியான முறையே.

இனி டிஸ்க் பிரேக்குக்கு வருவோம். இது நேற்றுப் பிறந்த பொருளன்று. இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்துப் பொறியாளர் பிரெடரிக் லான்செஸ்டர் 1902ஆம் ஆண்டிலேயே மோட்டார் வண்டிக்கென இதற்குக் காப்புரிமை பெற்றார். சக்கரத்தின் நடுவில் ஒரு வட்டத் தகடு. அதை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் ஒரு சிறு பெட்டி. அப்பெட்டியைக் கேலிப்பர் என்பர். சைக்கிளில் அது முன் போர்க்கின் இடக்காலில், அச்சுக்குச் சற்று மேலே, பின்புறமாகப் பூட்டப்பட்டிருக்கும். மழையில் ரிம் நனைந்தாலும், சேறு படிந்தாலும் இதன் பிடி தளராது. அதுவே இதன் சிறப்பு.

ஆனால் இதில் ஒரு கணக்கு அடங்கியுள்ளது. சக்கரத்தின் ஆரம் ஏறத்தாழ 340 மில்லிமீட்டர். வழக்கமான டிஸ்க் தகட்டின் விட்டம் 160 மில்லிமீட்டர். அதாவது ஆரம் 80. ஆகவே டயர் தரையைப் பற்றி வண்டியை நிறுத்தும் விசையைப்போல் நான்கு மடங்குக்கு மேற்பட்ட விசை கேலிப்பர் தகட்டைப் பிடிக்கும் இடத்தில் விழுகிறது. அவ்வளவு விசையையும் தாங்குபவை கேலிப்பரைப் பூட்டியிருக்கும் இரண்டு போல்ட்டுகளும், போர்க்கின் இடக்காலும். மேலும், வண்டி முன்னோக்கிச் செல்லும்போது சக்கரத்தின் பின்பாதி கீழிருந்து மேல் நோக்கிச் சுழல்கிறது. பின்புறத்தில் இருக்கும் கேலிப்பர் அதைத் தடுக்கும்போது சக்கரத்தைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது. அச்சு வந்து அமரும் பிளவும் பல சைக்கிள்களில் கீழ்நோக்கியே திறந்திருக்கிறது. ஆகவே ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும் முன் சக்கரம் தன் இருப்பிடத்தைவிட்டுக் கழலப் பார்க்கிறது எனலாம். அவ்வாறு கழலாமல் காப்பவை இரண்டு: அச்சின் இறுக்கமான பூட்டு ஒன்று, பிளவின் வெளிவிளிம்பில் சிறு மேடாக அமைந்த தடுப்பு மற்றொன்று.

கோவளத்துச் சைக்கிளில் நாம் கண்ட தவறுகள் இனி விளங்கும். அந்தச் சைக்கிளின் முன் சக்கரம் நெம்புகோலை மடக்கிப் பூட்டும் 'குயிக் ரிலீஸ்' வகையைச் சேர்ந்தது. கேரியரைப் பொருத்தியவர் பழைய முறைப்படி, வலப்புறக் காலின் தகட்டை அச்சின் நட்டுக்கும் போர்க்குக்கும் நடுவே செருகியிருந்தார். தகட்டின் கனம் சேர்ந்ததால் நட்டுக்குப் போதிய மரை கிடைக்கவில்லை. நட்டு விளிம்பின் மேட்டுக்குள் அமராமல் தகட்டின்மேல் ஏறி நின்றது. ஆக, சக்கரத்தைக் காக்கும் இரண்டு காவல்களும் ஒருசேரத் தளர்ந்துவிட்டன. இது முதல் தவறு.

இடப்புறத்தில் கேலிப்பர் வழி மறித்ததால் கேரியரின் கால் போர்க்கின் துளைக்கு எட்டவில்லை. எனவே கேலிப்பரைப் பூட்டியிருந்த போல்ட்டுகளில் ஒன்றைக் கழற்றிவிட்டு, அதைவிட நீண்ட போல்ட்டைப் போட்டு, கேரியரின் காலையும் அதிலேயே மாட்டியிருந்தார். பெட்டியின் பாரம் குழிதோறும் குலுங்கக் குலுங்க அந்தப் போல்ட்டு சிறுகச் சிறுகத் தளர்ந்திருந்தது. தாய் கேட்ட சத்தம், தளர்ந்த கேலிப்பர் தகட்டில் உரசிய சத்தமே. இன்னும் சில நாள் சென்றிருந்தால் அந்தப் போல்ட்டு முற்றிலும் கழன்றிருக்கும். கேலிப்பர் திரும்பி ஸ்போக்ஸ் கம்பிகளுக்குள் நுழைந்திருக்கும். ஓடும் வண்டியின் முன் சக்கரம் திடீரென நின்றால் ஓட்டுபவர் ஹேண்டில்பாருக்கு மேல் தூக்கி எறியப்படுவார். பின்னால் இருக்கும் குழந்தையின் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை.

இவை வெறும் அச்சத்தால் சொல்பவையல்ல. 2015ஆம் ஆண்டு அமெரிக்காவில் டிரெக் நிறுவனம் டிஸ்க் பிரேக்கும் நெம்புகோல் பூட்டும் உள்ள சுமார் 9 லட்சம் சைக்கிள்களைப் பழுது நீக்குவதற்காகத் திரும்ப அழைத்தது. சரியாக மூடாத நெம்புகோல் அகலத் திறந்து சுழலும் தகட்டில் சிக்கினால், முன் சக்கரம் நின்றுவிடக்கூடும் அல்லது கழன்றுவிடக்கூடும் என்பதே காரணம். அத்தகைய விபத்தொன்றில் ஒருவருக்குக் கைகளும் கால்களும் செயலிழந்தன. ஒரு சிறு நெம்புகோலும் ஒரு தகடும் ஒன்றையொன்று தொட்டதால் வந்த விளைவு அது.

"ஐயா, கேரியர் போட்டவர் அனுபவமுள்ளவர். முப்பது வருடமாகக் கடை வைத்திருக்கிறார்" என்றான் மகன். அவர்மேல் பழி சொல்ல நாம் விரும்பவில்லை. தாம் கற்றதை அவர் நேர்மையாகவே செய்திருக்கிறார். அவர் கற்ற காலத்துச் சைக்கிளில் அச்சுக்கருகில் பிரேக் இல்லை. பொருள் மாறிய பின்னும் கை பழைய வழக்கத்திலேயே சென்றுவிட்டது. இது அவருக்கு மட்டுமன்று, நம் எல்லோருக்கும் நேர்வதே.

அன்று அங்கேயே பெட்டியை இறக்கி, கேரியரைக் கழற்றினோம். நீண்ட போல்ட்டை எடுத்துவிட்டுக் கேலிப்பருக்கு உரிய போல்ட்டையே மீண்டும் பூட்டினோம். நல்லவேளையாக மகன் அதைப் பத்திரமாக வைத்திருந்தான். அச்சின் நட்டு விளிம்பு மேட்டுக்குள் அமருமாறு சக்கரத்தை மாட்டி, நெம்புகோலை உள்ளங்கையில் அதன் தடம் பதியும் அளவுக்கு அழுத்தி மூடினோம். மறுவாரம், டிஸ்க் பிரேக் சைக்கிளுக்கென்றே செய்யப்பட்ட கேரியர் ஒன்றைத் தேடி வாங்கிப் பொருத்தினோம். அதன் கால்கள் வெளிநோக்கி வளைந்து, கேலிப்பரைச் சுற்றிக்கொண்டு போர்க்கின் துளைக்கு வந்து சேரும். இவ்வேலையை வீட்டிலோ கடையிலோ செய்ய நினைப்போர் பின்வருவனவற்றை நினைவில் வைக்க வேண்டுகிறோம்.

முதலாவது, போர்க்கைப் பாருங்கள். அடியில், அச்சுக்குச் சற்று மேலே, போல்ட்டு பூட்டுவதற்கான மரைத் துளை உண்டா? மேலே, சக்கரத்தின் உச்சிக்கு நேராக மற்றொரு துளை உண்டா? இரண்டும் இருந்தால் மட்டுமே துணிந்து இறங்கலாம். கார்பன் நாரினால் செய்த போர்க்கானால், அதன்மேல் பட்டை போட்டு இறுக்குவது கூடாது. அது நசுங்கி உள்ளுக்குள்ளேயே முறிந்துவிடும். ஸ்பிரிங் வைத்துக் குலுங்கும் போர்க்கானால், அதன் அடிக்கால்கள் மேலும் கீழும் நகரும். கேரியரின் அடியை நகரும் பகுதியிலும் தலையை நகராத பகுதியிலும் பூட்டினால், முதற்குழியிலேயே ஏதேனும் ஒன்று முறியும். அத்தகைய போர்க்குக்கென்று தனியே செய்த கேரியர் கிடைக்காவிட்டால், முன்சுமை வேண்டாம் என்று விட்டுவிடுவதே அறிவுடைமை.

இரண்டாவது, அச்சின் பூட்டும் கேலிப்பரின் போல்ட்டுகளும் பிரேக்குக்கு உரியவை. கேரியரைத் தாங்குவதற்கென்று செய்த அச்சுடன் வரும் கேரியர்கள் சில உண்டு. அவற்றைத் தவிர வேறெதையும் அங்கே மாட்டக் கூடாது.

மூன்றாவது, கேரியரின் காலுக்கும் துளைக்கும் நடுவே இடைவெளி இருப்பின் வாஷர்களை அடுக்கி நிரப்பாதீர்கள். லேத் பட்டறையில் ஒரே துண்டாக இரும்புக் குழல் கடைந்து வாங்கி இடுங்கள். அக்குழலும் குட்டையாகவே இருக்கட்டும். 10 மில்லிமீட்டர் குழல் 20 ஆனால், போல்ட்டை வளைக்கும் திறனும் இருமடங்காகும்.

நான்காவது, போல்ட்டின் நீளம். குட்டையாக இருந்தால் மரை போதாது. நீளமாக இருந்தால் இடப்புறத்தில் அதன் முனை உட்புறம் நீட்டிக்கொண்டு தகட்டைத் தொடும். பூட்டியபின் சக்கரத்தை மெல்லச் சுழற்றி, போல்ட்டின் முனைக்கும் தகட்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதா என்று குனிந்து பாருங்கள். சுழலும் தகட்டினருகே விரலைக் கொண்டுபோகாதீர்கள். அது கத்தியைப்போல் வெட்டும். பலமாகப் பிரேக் பிடித்தபின் தொட்டால் சுடவும் செய்யும்.

ஐந்தாவது, ஹேண்டில்பாரை இருபுறமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். பிரேக் கம்பியோ குழாயோ கேரியரில் சிக்கி நசுங்கலாகாது. பிறகு பெட்டியில் மணலோ செங்கல்லோ வைத்து, ஆளில்லாத திடலில் முதலில் மெதுவாகவும் பின்பு பலமாகவும் பிரேக் பிடித்துப் பாருங்கள். 20 கிலோமீட்டர் ஓடியபின் எல்லாப் போல்ட்டுகளையும் மறுபடி ஒருமுறை முடுக்குங்கள்.

கடற்கரைவாசிகளுக்கு மேலும் இரண்டு சொல்ல வேண்டும். உப்புக் காற்றில் சாதாரண இரும்புப் போல்ட்டு விரைவில் துருவேறும். துருப்பிடிக்காத எஃகுப் போல்ட்டை அலுமினியப் போர்க்கில் நேரே பூட்டினாலோ, இரண்டு உலோகங்களும் உப்பு நீரும் சேர்ந்து அரித்து, பிறகு கழற்ற முடியாதபடி ஒட்டிக்கொள்ளும். ஆகவே மரையில் சிறிது கிரீஸ் தடவிப் பூட்டுங்கள். ஆனால் அந்தக் கிரீஸ் படிந்த விரலால் தகட்டைத் தொட்டுவிடாதீர்கள்.

மற்றொன்று மீன் பெட்டியைப் பற்றியது. பனிக்கட்டி உருகி வடியும் நீரில் மீனின் எண்ணெய்ப் பசை கலந்திருக்கும். அது சொட்டுச் சொட்டாகத் தகட்டின்மேல் விழுந்தால் பிரேக் கிறீச்சிடும். பிறகு பிடிக்கவே பிடிக்காது. பசை ஏறிய தகட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கொண்டு துடைத்துவிடலாம். ஆனால் பசையை உறிஞ்சிய பிரேக் கட்டைகளைப் பெரும்பாலும் மாற்றத்தான் வேண்டும். பெட்டியின் அடியில் விளிம்புள்ள ஒரு தட்டை வைத்து, நீரை ஒரு சிறு குழாய் வழியே சக்கரத்தை விட்டு விலக்கி வடியவிடுவது எளிய வழி. அந்த மகன் பழைய எண்ணெய் டின்னை வெட்டி அரைமணி நேரத்தில் அத்தகைய தட்டொன்றைச் செய்துவிட்டான்.

எல்லாம் முடிந்தபின் எடையைப் பற்றிய பேச்சு எழுந்தது. புதிய கேரியரில் 10 கிலோ என்று பொறித்திருந்தது. பெட்டியையும் பனிக்கட்டியையும் மீனையும் சேர்த்துத் தராசில் வைத்தால் 22 கிலோ இருந்தது. முன்சுமை ஹேண்டில்பாரோடு சேர்ந்து திரும்புவது. எடை கூடக்கூட வண்டியைத் திருப்புவதும் நேரே நிறுத்துவதும் கடினமாகும். கடற்காற்று பக்கவாட்டில் அடிக்கும் சாலையில், லாரி கடந்து செல்லும் வேளையில், அது எத்தகைய இடர் என்பதை ஓட்டியவரே அறிவர். பின்பக்கக் கேரியரோ உறுதியானது. 25 கிலோவைத் தாங்கவல்லது. அதில்தான் தங்கை அமர்ந்து செல்கிறாள்.

"பத்து கிலோ என்றால் பாதி வியாபாரம் போய்விடும், ஐயா" என்றான் மகன்.

"தம்பி, பெட்டியைப் பின்னால் வைத்து முதலில் மீனைக் கொடுத்துவிட்டு வா. பிறகு வந்து தங்கையை ஏற்றிக்கொண்டு போ. அப்போது முன்னால் புத்தகப் பை மட்டும் இருக்கட்டும்" என்றோம்.

"படகு கரைக்கு வரும் நேரம் நம் கையில் இல்லையே, ஐயா. இரண்டு நடை போனால் கடைசி நாலு வீட்டுக்கு மீன் தாமதமாகும். அவர்கள் வேறு ஆளிடம் வாங்கிக்கொள்வார்கள்."

இதற்கு நம்மிடம் விடை இல்லை. அந்த நான்கு வீடுகளின் வருமானம் அக்குடும்பத்துக்கு எவ்வளவு பெரிது என்பதை நாம் அறியாதவர் அல்லர். சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. வாசற்படியில் அமர்ந்திருந்த தாய் சொன்னார்: "வாங்கிக்கொள்ளட்டும் ஐயா. நாலு வீடு போனால் நான் நாலு வீடு தேடிக்கொள்வேன்." அத்துடன் அந்தப் பேச்சு முடிந்தது.

வாசகர்களே, உங்கள் இல்லத்துச் சைக்கிளில் டிஸ்க் பிரேக் இருக்குமானால், வருகிற ஞாயிறு திருப்பலிக்குப் புறப்படுமுன் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். முன் சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றுங்கள். ஏதேனும் உரசுகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். நெம்புகோல் இறுகி மூடியிருக்கிறதா, கேலிப்பரின் போல்ட்டுகளில் வேறு எதுவும் மாட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளைகள் "ஒன்றுமில்லை" என்று சொன்னாலும் பாருங்கள்.

சென்ற வாரம் கோவளத்திலிருந்து மற்றொரு கடிதம் வந்தது. எழுத்து அதே சிறுமியின் எழுத்து. இப்போது சத்தம் ஏதும் இல்லையாம். போன நான்கு வீடுகளில் இரண்டு திரும்பி வந்துவிட்டனவாம். அண்ணன் இரண்டாம் நடைக்கு வரும்வரை வீட்டுப்பாடத்தை முடித்துவிடுவதாகவும் எழுதியிருக்கிறாள்.

தையல் இயந்திரத்தை அடுத்த மாதம் காண்போம்.